பெட்டி பேசக் கூடாது

"ஃபேனை நிறுத்துங்க!"

கூடத்தில் யார் இருந்தாலும் எழுந்து போய் நிறுத்தியாக வேண்டும். குழாயை மூட வேண்டும். தொலைக்காட்சியில் யார் அழுதுகொண்டிருந்தாலும் பாதி அழுகையோடு நிற்க வேண்டும். வீடு அடங்கிய பிறகு சோடியக்கா, ஒட்டி முடித்த அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, இடது காதோரம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு குலுக்குவார். உள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் போதும். டேப்பைக் கிழித்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, முதலிலிருந்து கட்டுவார். "பேசுது பாருங்க. இங்கயே பேசுதுன்னா லாரியில ஏறினதும் கச்சேரியே வைக்கும். பெட்டி பேசக் கூடாது" என்பார்.

அவர் விற்பது பழைய பீங்கான். காலி செய்கிற வீடுகளிலும் மூடுகிற ஓட்டல்களிலும் கூடை கூடையாக வாங்கி வந்து, கழுவி, படம் பிடித்து, இணையத்தில் போடுவார். முழு செட்டுக்கு அவரிடம் போகாதீர்கள், கிடைக்காது. ஆறில் ஒன்றை உடைத்துவிட்டு மாமியாருக்குப் பயந்து நிற்பவர்கள், கெட்டில் இருந்தும் மூடி இல்லாதவர்கள், சாசர் இருந்தும் கப் இல்லாதவர்கள்: இவர்கள்தான் அவருடைய வாடிக்கை. "இதுக்குச் சோடி கிடைக்குமா அக்கா?" என்று எல்லோரும் கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வியே பெயராகிவிட்டது. வீட்டின் முன்னறை முழுக்க இரும்பு அலமாரிகள். லிஃப்ட் மெக்கானிக்கான வீட்டுக்காரர் தன் கருவிப் பையைக் குளியலறைப் பரணில் வைத்திருக்கிறார். "ஊரையே ஏத்தி இறக்கறேன். என் வீட்டுல ஒரு பையை இறக்கி வைக்க இடமில்ல" என்று அவர் சொல்லாத நாள் இல்லை. அக்கா அதைக் காதில் போட்டுக்கொண்ட நாளும் இல்லை.

வாங்குகிறவர்களின் பெயர் அக்காவின் மனதில் நிற்காது, முதலில் வாங்கிய பொருள்தான் நிற்கும். மூடிக்காரி, கெட்டில் சார், சாசர் டீச்சர் என்றுதான் வீட்டில் பேச்சு. முகவரியை மட்டும் மறக்க மாட்டார். கதவு எண்ணிலிருந்து தெருமுனை வரை தலைகீழாகச் சொல்வார்.

அவருடைய பெருமையெல்லாம் தபால் செலவில் இருக்கிறது. அந்த இணையதளம் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகத் தபால் காசு பிடித்துவிடும். நான்கு பொருள் வாங்கினால் நான்கு தபால் காசு. அக்கா நான்கையும் ஒரே பெட்டியில் அடக்கி, எடை போட்டு, உண்மையில் எவ்வளவு ஆனதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கடைசிச் சில்லறை வரை திருப்பி அனுப்பிவிடுவார். அவர் பக்கத்தின் தலையிலேயே இது கொட்டை எழுத்தில் இருக்கிறது: 'சேர்த்து வாங்கினால் சேர்த்து அனுப்புவேன். மிச்சம் உங்களுக்கே.' அந்தச் சில்லறையை வைத்துக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும் என்று வீட்டுக்காரர் கேட்டால், "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். அது தபாலுக்குக் குடுத்த காசு, எனக்குக் குடுத்தது இல்ல" என்று பதில் வரும்.

அளப்பதில் அவருக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. பார்சல் ஆபீசில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தராசு சார். வீட்டில் அக்கா போட்ட எடைக்கும் அங்கே காட்டும் எடைக்கும் ஒரு நூல் வித்தியாசம் வந்தாலும் வரிசை நின்றுவிடும். "உங்க தராசு காத்தையும் சேத்து நிறுக்குது சார், அந்த ஃபேனைத் திருப்புங்க" என்பார் அக்கா. "உங்களுக்கு மட்டும் தராசைத் தங்கக் கடையிலேருந்து கொண்டு வரணும்" என்பார் அவர். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். கடைசியில் பெரும்பாலும் அக்கா சொன்ன எடைதான் நிற்கும், அதனால் தராசு சாருக்கு இன்னும் கோபம்.

ஒத்தத்தட்டு என்று அக்கா பெயர் வைத்திருந்த பெண் முதலில் வாங்கியது நீலக்கோடு போட்ட தட்டு ஒன்று. வாங்கிய கையோடு, "இப்ப அனுப்பாதீங்க அக்கா. இன்னும் சிலது வாங்கணும், சேத்து அனுப்பலாம். அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க" என்று குரல் செய்தி வந்தது. சேர்த்து வாங்குகிறவர்கள் என்றால் அக்காவுக்குக் கொள்ளைப் பிரியம். கீழ்த்தட்டில் ஒரு பச்சைக் கூடையை அவளுக்கென்று ஒதுக்கினார். கூடை மெல்ல மெல்ல நிறைந்தது. ஒரு கிண்ணம். ஒரு கரண்டி. சின்னக் கெட்டில் ஒன்று. மஞ்சள் பூப்போட்ட கப் ஒன்று.

ஒன்றுக்கொன்று சேரவில்லை என்பதுதான் அக்காவை உறுத்தியது. செட்டை நிரப்புகிறவர்கள் ஒரே கோடு, ஒரே பூவாகத் தேடுவார்கள். "என்னம்மா, ஒண்ணு கிழக்க பாக்குது, ஒண்ணு மேற்க பாக்குது. வீட்டுல இருக்கற செட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, பொருந்தறதா நான் தேடித் தரேன்" என்று கேட்டார். "இருக்கட்டும் அக்கா, இதுவே நல்லா இருக்கு" என்று பதில் வந்தது. மஞ்சள் பூ கப்புக்கு அசல் சோடியே அலமாரியில் இருந்தது. அதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். "ரெண்டாவதுக்குத் தபால் காசே கிடையாதும்மா, அதே பெட்டிக்குள்ள போயிடும்."

"ஒண்ணு போதும் அக்கா."

தபால் காசில்லாமல் வருவதை வேண்டாம் என்று சொன்ன ஒரு மனுஷியை அக்கா அதுவரை பார்த்ததில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்புறம்தான் டம்ளர் சார் வந்தார். ஆறு கண்ணாடி டம்ளர், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், வராவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று கறாரான இரண்டு வரி. பெயர் புதிது. முகவரியைப் பார்த்த அக்கா துள்ளிவிட்டார். அது ஒத்தத்தட்டின் கதவு எண், ஒத்தத்தட்டின் தெரு.

"வீட்டுக்காரர்தான்! அவளுக்குத் தெரியாம வாங்கறார் போல. கூடையும் ஒண்ணாவே போயிடட்டும்."

கேட்டுவிட்டு அனுப்பு என்று அவள் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. செய்தி அனுப்பினார், அவள் பார்க்கவில்லை. காலை வரை பொறுத்தார், அப்போதும் பார்க்கவில்லை. டம்ளர்காரருக்கோ வெள்ளிக்கிழமை. ஒரே வீட்டுக்கு இரண்டு பெட்டி என்பதை அக்காவின் மனசு ஒப்பவில்லை. கூடையைக் காலி செய்து, தட்டுக்கும் டம்ளருக்கும் நடுவே அட்டை வைத்து, காலி இடத்தில் காகிதம் திணித்து, ஃபேனை நிறுத்திக் காதில் வைத்துப் பார்த்தார். பெட்டி பேசவில்லை. காலையிலேயே டம்ளர் சாரின் பெயருக்குப் பதிந்துவிட்டு, மிச்சமான தபால் காசை இருவருக்கும் பாதிப் பாதியாகத் திருப்பிவிட்டு, ஊருக்கு உபகாரம் செய்த நிறைவோடு டீ போட்டுக் குடித்தார்.

மத்தியானம் ஒத்தத்தட்டிடமிருந்து போன் வந்தது. அவள் அதுவரை போன் செய்ததே இல்லை, எல்லாம் செய்திதான்.

"அக்கா, எனக்குக் காசு வந்திருக்கு. பெட்டி கிளம்பிடுச்சா?" குரல் மிக மெதுவாக இருந்தது. பின்னால் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"காலையிலயே புக் பண்ணிட்டேன்மா. உங்க வீட்டுக்காரர் டம்ளரோட சேத்து…"

"அவர் பேருக்கா?"

"ஆமாம்மா. ஒரே வீடுதானே, எதுக்கு ரெண்டு…"

அந்தப் பக்கம் குழாயை இன்னும் திறந்துவிடுவது கேட்டது.

"அக்கா, அதெல்லாம் நான் தனியா போறதுக்கு வாங்கினது. ஒரு ரூம் பாத்திருக்கேன். சாவி கையில வந்ததும் அந்த அட்ரஸ் தரலாம்னு இருந்தேன். இங்க எது வந்தாலும் அவர்தான் பிரிப்பார். என் பேருக்கு வர்ற கடுதாசியக்கூட அவர்தான் பிரிப்பார். இது தெரிஞ்சா என்னை வெளிய விட மாட்டார் அக்கா."

குழாய் நின்றது. போனும் நின்றுவிட்டது.

அக்கா காலிக் கூடையைப் பார்த்தபடி நின்றார். ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, ஒரு கப். ஒரு ஆள் சாப்பிட்டு எழுந்திருக்கத் தேவையானது அவ்வளவுதான். காலமெல்லாம் ஒற்றைப் பொருளாகவே விற்று வந்த கைக்கு, ஒருத்தி ஒற்றையாகப் போகப்போவது தெரியவில்லை. "அறிவு கெட்டவளே, கேளுன்னு சொன்னாளே, கேட்டு நின்னியா?" என்று வாய்விட்டே தன்னைத் திட்டிக்கொண்டு, ரசீதை எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கினார்.

பார்சல் ஆபீஸ் வாசலில் லாரி பின்கதவைத் திறந்து நின்றது. சாக்குகளை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அக்கா வரிசையைத் தாண்டி நேராகத் தராசுக்கு முன் போய் நின்றார்.

"சார், காலையில போட்ட பெட்டியைத் திருப்பிக் குடுங்க."

"சாக்குத் தைச்சாச்சும்மா."

"பிரிங்க சார். கால்ல விழறேன்."

சண்டைக்கு வருவார் என்று தயாராக இருந்த தராசு சார், கால்ல விழறேன் என்பதைக் கேட்டு எழுந்தேவிட்டார். ரசீதை வாங்கிப் பார்த்து, ஒரு தாளை நீட்டினார். "திருப்பி வாங்கறதுக்குக் காரணம் எழுதணும்." அக்கா எழுதினார்: கணக்குத் தப்பு. அவர் தாளைப் படித்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"நீங்களா?"

லாரிக்காரரிடம் கை காட்டிவிட்டு அவர் உள்ளே போனார். சாக்குகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. முதல் சாக்கில் இல்லை. லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். இரண்டாவது சாக்கைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அக்காவின் போன் அடித்தது. புது எண்.

"பழைய பீங்கான் விக்கறது நீங்கதானே? ஆறு டம்ளர் ஆர்டர் போட்டிருக்கேன்."

"சொல்லுங்க சார்."

"நான் ஒரே ஒரு ஆர்டர்தான் போட்டேன். தபால் காசுல ஒரு பங்கு திரும்ப வந்திருக்கு. ஏன்?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அக்காவுக்குப் பயம் குறைந்திருக்கும்.

"கூடுதலா எடுத்துட்டோம் சார், அதான்…"

"உங்க பக்கத்துல மேலயே எழுதியிருக்கு, சேத்து வாங்கினா மிச்சம் திரும்ப வரும்னு. நான் எதோட சேந்தேன்?"

தராசு சார் பெட்டியோடு வந்து மேஜைமேல் வைத்தார். அக்கா அதன்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"பார்சல் ஆபீஸ் அனுப்பின மெசேஜ்ல எடையும் வந்திருக்கு. ஆறு டம்ளர் இவ்வளவு கனமா? என் ஒய்ஃப் உங்க பக்கத்தை அடிக்கடி பாத்துட்டிருக்கா. இந்த அட்ரஸ்ல வேற யாராவது உங்ககிட்ட வாங்கறாங்களா?"

"இல்ல சார்." சொன்ன பிறகுதான் தான் சொன்னதே அவருக்குத் தெரிந்தது. மற்றது தானாக வந்தது. "உங்க அட்ரஸ்ல நீங்க மட்டும்தான். எனக்குக் கணக்கு வராது சார். வேற யாருக்கோ போக வேண்டிய காசை உங்களுக்குப் போட்டுட்டேன். வேற பெட்டியோட எடையை உங்க சீட்டுல ஏத்திட்டேன். எல்லாமே தப்பு. அதைத் திருத்தத்தான் பார்சல் ஆபீஸ்ல நிக்கறேன்."

"அப்படியா. அங்க இருக்கறவங்ககிட்ட குடுங்க."

அக்கா போனை நீட்டினார், மறு கை பெட்டியை விடவில்லை. தராசு சார் அந்தக் கையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அவர் காதில் விழுந்தது அக்கா பேசிய பாதி மட்டும்தான். போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"பார்சல் ஆபீஸ்தான் சார்… ஆமா, எதிர்லதான் நிக்கறாங்க… இந்தம்மாவா? ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க. தினம் இதே ரோதனை. ஒரு பெட்டிக்கு ஒழுங்கா எடை போட்டதா சரித்திரமே கிடையாது. எனக்கு இவங்களால ப்ரஷரே வந்துடுச்சு… புதுச் சீட்டு போட்டுடறேன் சார், உங்களுக்குச் சரியா வந்துடும்."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். இழுப்பறையிலிருந்து கத்தியையும் ஆபீஸ் டேப்பையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு விரல் நீளம் டேப் கேட்டாலும் வெளியே கடையில் வாங்கிக்கொள் என்கிற மனிதர் அவர். அக்கா பெட்டியைக் கிழித்து, ஒத்தத்தட்டின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பைக்குள் இறக்கிவிட்டு, டம்ளர்களை மட்டும் திரும்பக் கட்டினார். தராசு சார் பெட்டியைத் தராசில் வைத்து, எடையை வாய்விட்டுச் சொன்னார்.

"சரிதானே?" என்று அவர் கேட்டார்.

"சரிதான் சார்."

லாரி கிளம்பிய பிறகுதான், பெட்டியைக் காதில் வைத்துப் பார்க்கவே இல்லை என்பது அக்காவுக்கு உறைத்தது.

அதற்கான பலன் சனிக்கிழமை வந்தது. 'ஒரு டம்ளர் உடைந்து வந்தது. தபால் கணக்கு போடவும் தெரியாதவர். யாரும் வாங்காதீர்கள்' என்று எழுதி, ஒற்றை நட்சத்திரம். உடைந்து போனதாக ஒரு வார்த்தை அதுவரை அவர் பக்கத்தில் கிடையாது. கணக்குத் தெரியாதவர் என்பதோ பச்சையாக வயிற்றில் குத்துகிற வார்த்தை. மறுப்பு எழுத அங்கே ஒரு இடம் உண்டு. வீட்டுக்காரருக்குக் கை துறுதுறுத்தது. "நான் எழுதறேன், போனைக் குடு" என்று நின்றார். "தொடாதீங்க. அது அப்படியே இருக்கட்டும்" என்று அக்கா போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இன்றும் அது பக்கத்தின் உச்சியில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, "கணக்கெல்லாம் சரியா வருமா?" என்று கேட்கிறார்கள். "பாத்துப் பண்றேன்" என்று பதில் சொல்கிறார்.

ஒத்தத்தட்டு அந்த வாரமே புது முகவரி ஒன்றை அனுப்பினாள். கூடவே, 'இனி இந்த நம்பருக்கு எதுவும் அனுப்பாதீங்க அக்கா' என்று ஒரு வரி. கூடையின் பொருளெல்லாம் அங்கே போயிற்று. ஒப்படைக்கப்பட்டது என்று பார்சல் ஆபீஸ் காட்டியது. யார் கையில் ஒப்படைத்தார்கள் என்று அது காட்டாது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாளா, அவனே போய் வாசலில் நின்றானா, யாரைக் கேட்பது? தட்டைக் கழுவும்போதும் படம் பிடிக்கும்போதும் அக்காவின் கண் போனிலேயே இருந்தது. செய்தி வருகிற சத்தம் கேட்டால் பாதிக் கழுவலில் ஈரக்கையோடு ஓடுவார், மூடிக்காரியாக இருக்கும். மஞ்சள் பூ கப்பின் சோடியை இரண்டு பேர் விலைக்குக் கேட்டார்கள். விற்றாயிற்று என்று இருவரிடமும் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்து அதன் படத்தை எடுத்துவிட்டார். காலிப் பச்சைக் கூடையில் அதைக் கவிழ்த்து வைத்தார். வீட்டுக்காரர் தன் கருவிப் பைக்கு அந்தக் கூடை இருக்கும் இடத்தைக் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை.

மழைக்காலமும் போய்விட்டது. போன வாரம் ஒரு மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து குரல் செய்தி வந்தது.

"அக்கா, அந்த மஞ்சள் பூ கப்புக்குச் சோடி இருக்குன்னீங்களே. இன்னும் இருக்கா?"

பின்னால் தண்ணீர்ச் சத்தம் இல்லை. ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதை மூன்று தடவை கேட்டுவிட்டு, இருக்கும்மா என்று பதில் பேசி அனுப்பினார். அதையும் இரண்டு தடவை பேச வேண்டியிருந்தது.

"தனியா அனுப்பினா முழுத் தபால் காசு ஆகும்ல அக்கா? அப்பவே சேத்து வாங்கியிருக்கணும். பரவால்ல, அனுப்பிடுங்க. தங்கச்சி வரா, டீ குடுக்க ஒரு கப்தான் இருக்கு."

ஒரு கப்புக்கு முழுத் தபால் காசு என்று வேறு யாராவது சொல்லியிருந்தால், "இன்னும் ரெண்டு பாருங்க, சேத்து அனுப்பிடறேன்" என்று அக்கா பிடித்துக்கொண்டிருப்பார். அன்று எழுந்து நேராகப் பச்சைக் கூடைக்குப் போனார். கூடையிலிருந்து கப்பை எடுத்துக் கழுவித் துடைத்தார். இருக்கிற பெட்டிகளில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காகிதத்தைக் கசக்கிக் கசக்கித் திணித்து, டேப் ஒட்டி, விளிம்பை நகத்தால் தேய்த்துவிட்டார்.

"ஃபேனை நிறுத்துங்க!"

வீட்டுக்காரர் எழுந்து போய் நிறுத்தினார். குழாயை மூடினார். அக்கா பெட்டியைத் தூக்கி இடது காதோரம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு குலுக்கினார். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. வீட்டுக்காரர் ஸ்விட்சில் கை வைத்தபடி, "போடலாமா?" என்று கேட்டார்.

அக்கா ஒரு கையை மட்டும் உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினார். பெட்டி காதோரத்திலேயே இருந்தது.